எந்தத் தேதி?

நேயர்களுக்கு வணக்கம். "டாக்டர், தேதி தாண்டிவிட்டது, இன்னும் வலியே வரவில்லை." மகப்பேறு மருத்துவராக நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். நானும் உடனே திருப்பிக் கேட்பேன்: எந்தத் தேதி?

பிரசவத் தேதி என்று நாங்கள் குறிப்பது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். மாதவிலக்கு 28 நாளுக்கொரு முறை வருகிறவர்களுக்கான கணக்கு அது. அவர்களிலும் குறித்த நாளிலேயே பிரசவிப்பவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான்.

ஒரு பெண், 42 வாரம் ஆகிவிட்டதென்று கண்கலங்கி வந்தார். கூட வந்த மாமியார் அதைவிடக் கலங்கியிருந்தார். "மாதவிலக்கு எத்தனை நாளுக்கொரு முறை வரும்மா?" என்றேன். "நாற்பது நாள் ஆகும் டாக்டர்." அப்படியென்றால் கரு தரித்ததே ஏறக்குறைய 12 நாள் தள்ளித்தான்! கோப்பின் அடியில், மடித்த மடிப்புக் கலையாமல், முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் கிடந்தது. அதன்படி 40 வாரம் 2 நாள். அந்தக் காகிதத்தை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. ஆறாம் மாத, எட்டாம் மாத ஸ்கேன்கள் தேதி குறிக்க அவ்வளவு உதவாது. குழந்தைக்குக் குழந்தை வளர்த்தி மாறிவிடும். அதனால்தான் சொல்கிறேன், முதல் ஸ்கேனைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு 'ஸ்கேன் பாட்டி' என்றே பெயர்.

சரி, தேதி உறுதிதான், 41 வாரமும் ஆகிவிட்டது. அப்புறம்? அதற்கு மேல் நஞ்சுக்கொடி தளரலாம், பனிக்குட நீர் குறையலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடலாம். வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்தும், சிறியதுதான் என்றாலும், வாரத்துக்கு வாரம் கூடுகிறது. அதனால் காத்திருப்பவர்களுக்கு வாரம் இரண்டு முறை இதயத்துடிப்பும் நீரின் அளவும் பார்ப்போம். இன்று நன்றாக இருப்பது அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அசைவு குறைந்தால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள், நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள். 41 வாரம் உறுதியானால் வலி வரவைப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

எப்படி வரவைப்போம் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கருப்பை வாயை இளக்க ஜெல் அல்லது சிறு பலூன், பிறகு தேவைப்பட்டால் வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்து டிரிப்ஸ். சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். கூட வருகிறவர்கள் மாற்றுடை எடுத்து வாருங்கள். வணக்கம்.