நிச்சயதார்த்தப் பந்தியில் உடையும் ரகசியம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தத்தெடுத்ததை மறைத்து வைத்துக் கடைசியில் போட்டு உடைக்கும் இன்றைய காதல் நாவல்கள், தத்துப்பிள்ளைகளுக்கு நன்மை செய்கின்றனவா, அநியாயம் செய்கின்றனவா? இதுதான் தலைப்பு. அநியாயம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். "கதாநாயகி வளர்ப்பு மகள் என்று தெரிந்த பிறகும் கதாநாயகன் அவளைக் கைவிடவில்லையே, இதைவிட நல்ல செய்தி உண்டா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, நான் கேட்கிறேன்: அவன் மன்னித்து ஏற்றுக்கொள்கிற அளவுக்கு அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? யாரோ பெற்றார்கள், யாரோ வளர்த்தார்கள். அதற்கு இவனுக்கு ஏன் தியாகி பட்டம்?

இந்த நாவல்களின் நிச்சயதார்த்தக் காட்சி உங்களுக்கே மனப்பாடம். பந்தியில் ரசம் வரும் நேரம். எங்கிருந்தோ ஒரு அத்தை எழுந்து, "இவ உங்க ரத்தமே இல்லையே!" என்பார். கதாநாயகி மயங்குவாள், வெளியே மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் முப்பது பக்கம் கண்ணீர். கடைசி அத்தியாயத்தில் பார்த்தால், அவள் குன்னூர் எஸ்டேட் முதலாளியின் காணாமல் போன பேத்தி! ரத்தம் முக்கியமில்லை என்று முந்நூறு பக்கம் பாடம் நடத்திவிட்டு, பணக்கார ரத்தத்தைக் காட்டித்தான் மாமியாரைச் சமாதானம் செய்கிறார்கள். வளர்த்த ரிக்‌ஷாக்காரரும் இட்லி விற்ற அம்மாவும் கல்யாண மண்டபத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று எந்த ஆசிரியரும் எழுதுவதில்லை.

அந்த அணியில் பேசிய சகோதரி, "ரகசியம் இல்லாவிட்டால் கதை ஏது?" என்றார். கதைக்கு வேண்டுமானால் ரகசியம் தேவைப்படலாம். வீட்டில் அது என்ன செய்யும் என்று பார்ப்போம். நம் ஊரில் சொந்தத்துக்குள் தத்துக் கொடுப்பது பழைய வழக்கம். தம்பிக்குப் பிறந்த பெண் குழந்தையைப் பிள்ளையில்லாத அக்கா எடுத்து வளர்க்கிறாள் என்று வையுங்கள். குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு மகனும் இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு அவன் கூடப் பிறந்தவன். ஆனால் ஊர் கணக்கில் தாய்மாமன் மகன், அதாவது முறைமாப்பிள்ளை! விவரம் தெரியாத சித்தப்பா ஒருவர் "மாமன் மகனைத்தான் கட்டிக்கப் போறே" என்று கேலி செய்தாலே போதும், பெற்றவளுக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

இதை யோசித்துத்தான் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 12-வது பிரிவில் ஒரு நிபந்தனை வைத்தது. தத்தெடுத்த நாள் முதல் குழந்தை எல்லா வகையிலும் வளர்க்கும் பெற்றோரின் குழந்தைதான். ஆனால் பிறந்த குடும்பத்திலேயே இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ, அவர்களைத் தத்துப் போன பிறகும் மணக்கக் கூடாது. தான் எங்கே பிறந்தோம் என்றே தெரியாத பிள்ளை இந்தச் சட்டத்துக்கு எப்படிக் கட்டுப்படும், நடுவர் அவர்களே?

அடுத்து, குழந்தை வந்த விதம். நாவலில் நள்ளிரவு, ஆஸ்பத்திரியின் பின்வாசல், கருணையுள்ள ஒரு நர்ஸ், துண்டில் சுற்றிய குழந்தை. படிக்க நெகிழ்ச்சியாக இருக்கும். நிஜத்தில் அதற்குப் பெயர் குற்றம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி முறையில்லாமல் தத்துக் கொடுத்தாலும் எடுத்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றிய ஆடியோ வெளியாகி, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கைதானதை மறந்துவிட்டோமா? முறைப்படி ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறிக் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள 60 நாள் அவகாசம் தருகிறது சட்டம். அந்த அறுபது நாளை எந்தக் காதல் நாவலாவது எழுதியிருக்கிறதா? அங்கே பெற்ற தாய் ஒன்று கொடுமைக்காரி, இல்லையென்றால் இருமி இருமிச் சாகிறவள்.

கதாநாயகன் துப்பறிந்து காதலியின் அம்மாவைக் கண்டுபிடித்துப் பிறந்தநாள் பரிசாகக் கொண்டு வந்து நிறுத்துவதைச் சகோதரி மெச்சினார். அதற்கும் விதி இருக்கிறது. 18 வயது ஆனவர் தன் வேர்களைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம். அவருக்காக மூன்றாம் மனிதர் தேடக் கூடாது. காதலனும் மூன்றாம் மனிதர்தான். பெற்றவள் முகம் காட்ட மறுத்துவிட்டால், எந்தச் சூழ்நிலையில், என்ன காரணத்துக்காகக் குழந்தையை ஒப்படைத்தாள் என்பதை மட்டும் சொல்வார்கள். அந்த நாலு வரித் தாளோடு ஒரு பெண் பேருந்தில் ஏறி வீட்டுக்கு வருகிறாள், வாசலில் வளர்த்த அம்மா நிற்கிறாள். இதைவிட ஒரு காட்சி வேண்டுமா எழுத?

கர்ணனைக் காட்டினார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரைக் காட்டுகிறேன். துளசி வனத்தில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். மார்கழி பிறந்தால் அந்தப் பெண்ணின் காதலைத்தான் இன்றைக்கும் தமிழ்நாடு விடியற்காலையில் பாடுகிறது. அங்கே யாரும் பந்தியில் எழுந்து எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிறவருக்கு ஒரே கேள்வி. ஐந்து வயதிலேயே உண்மை சொல்லி வளர்க்கப்பட்ட பெண் கதாநாயகியாக வந்து, அதற்குப் பிறகு கதை தொடங்குகிற ஒரு காதல் நாவலை நீங்கள் படித்ததுண்டா? உண்டென்றால் இந்த மேடையில் பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே வாங்குகிறேன். நன்றி, வணக்கம்.