இரண்டு கேமராக்கள்

(இதழியல், தகவல் தொடர்பு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ராணுவத்தின் மக்கள் தொடர்புப் பணி என்றதும், சீருடையில் மைக் முன்னால் நிற்கிற ஒருவர்தான் உங்கள் மனக்கண்ணில் வருவார். பின்னால் கொடி, பக்கத்தில் ஒரு வரைபடம், எதிரே கேமராக் கூட்டம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி, மைக்கைத் தொடுவதற்கு முன்பே, உள்ளே ஒரு அறையில் முடிந்துவிடுகிறது. வெளியே எப்படிப் பேசினார் என்று பார்த்து ஒரு செய்தித் தொடர்பாளரை எடை போடாதீர்கள். உள்ளே எதற்குச் சம்மதிக்க மறுத்தார் என்று கேளுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஓர் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். மணி இரண்டு. தொலைபேசி அடிக்கிறது. எங்கோ ஒரு தாக்குதல் நடந்திருக்கிறது. களத்திலிருந்து வந்த முதல் தகவல் எட்டே வரி. அதில் ஒரு வரி, 'எதிரிகள் பலர் கொல்லப்பட்டனர்'. பலர் என்றால் எத்தனை பேர்? யார் எண்ணியது? அருகில் போய் எண்ணினார்களா, மேலே பறந்தபடி கணித்தார்களா? எதிரிதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதற்குள் அந்த ஊர்க்காரர்கள் கைபேசியில் எடுத்த படங்கள் உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டன. "ஏதாவது ஒன்றை உடனே கொடுங்கள், இல்லாவிட்டால் எதிரி முந்திக்கொள்வான்" என்று தளபதி அவசரப்படுத்துகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மௌனமாக இருந்தால் அந்த இடத்தை வேறொருவன் நிரப்பிவிடுவான்.

அந்த நேரத்தில் பேனாவை எடுத்து, 'கொல்லப்பட்டனர்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'தாக்குதல் நடந்திருக்கிறது, பொதுமக்கள் பாதிக்கப்பட்டதாக வரும் தகவலையும் சேர்த்து விசாரித்து வருகிறோம்' என்று எழுத வேண்டும். எழுதுவது சுலபம். தூக்கம் கெட்டுக் கோபத்தில் இருக்கிற, பதவியில் உங்களைவிட நான்கு படி மேலே இருக்கிற ஒருவரை அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். சம்பளம் வாங்குவது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

அந்தப் பத்து நிமிடம் நடக்காமல் போனால் என்ன ஆகும்? 1968 மார்ச் 16-ஆம் தேதி வியட்நாமில் மை லாய் என்ற கிராமத்துக்குள் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று புகுந்தது. அன்று ராணுவம் வெளியே சொன்ன கணக்கு, எதிரிகள் 128 பேர் பலி, கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்று. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நூற்றி இருபத்தெட்டுப் பேர் செத்த சண்டையில் மூன்றே ஆயுதமா? அறிக்கையைத் தட்டச்சு செய்தவருக்கே கை தயங்கியிருக்க வேண்டாமா? செய்தி அப்படியே போனது, பத்திரிகைகளில் வெற்றிச் செய்தியாக அச்சானது. உண்மையில் அங்கே செத்தவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்த மண்ணில் இன்று நிற்கிற நினைவிடத்தில் 504 பெயர்கள் இருக்கின்றன.

பெரும்பாலும் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நம் துறைக்கு முக்கியமானது இதற்குப் பிறகுதான். அந்தப் படைப்பிரிவோடு ராணுவத்தின் தகவல் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒருவர் செய்தி எழுதுபவர். இன்னொருவர் படம் எடுப்பவர், ரான் ஹேபர்லி. அவரிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. ராணுவம் கொடுத்ததில் கறுப்பு வெள்ளைப் படம். சொந்தக் கேமராவில் வண்ணப் படம். ராணுவத்துக்குப் போன கறுப்பு வெள்ளைச் சுருளில், வழக்கமான போர்க்காட்சிகள். சொந்தக் கேமராவில், பாதையில் குவிந்து கிடந்த உடல்கள். எழுதியவர் தம் படையின் செய்தித்தாளுக்கு வெற்றிக் கதையாகவே எழுதிக் கொடுத்தார்.

ஓராண்டு ஓடிவிட்டது. அந்தப் பகுதியில் வேலை பார்த்த வேறொரு வீரர் கேள்விப்பட்டதையெல்லாம் திரட்டி, 1969 மார்ச்சில் அரசியல் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதிய பிறகுதான் விசாரணையே தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ஹேபர்லியின் வண்ணப் படங்கள் கிளீவ்லாந்தின் 'பிளெயின் டீலர்' நாளிதழில் நவம்பர் 20-ஆம் தேதி வந்தன.

மை லாயை மறைத்தவர்கள் என்று தளபதிகளைச் சொல்கிறோம், சரிதான். ஆனால் நம் தொழிலைச் செய்த இரண்டு பேர் அந்த மண்ணில் நின்றிருந்தார்கள் என்பதை நான் ஒருபோதும் மறப்பதில்லை. உண்மையைப் பதிவு செய்கிற கருவி அவர்கள் கையில் இருந்தது. அதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்லவில்லை.

இனி குடும்பங்களைப் பற்றி. மக்கள் தொடர்பு என்றால் பத்திரிகைகளோடு தொடர்பு என்று நினைக்கிறோம். போர்க்காலத்தில் முதல் வாசகர் வீட்டில் காத்திருக்கிற தாயும் மனைவியும்தான்.

1982 மே 25, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பாக்லாந்து போர். அன்றிரவு பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, கப்பல் ஒன்று மோசமாகச் சேதமடைந்திருக்கிறது என்று அறிவித்தார். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. அது 'கவென்ட்ரி' என்ற போர்க்கப்பல். பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு கப்பலில் இருந்தவர்களின் குடும்பங்கள் தவித்திருக்கும். சொல்லாததால் படையில் இருந்த எல்லாக் கப்பல்களின் குடும்பங்களும் அந்த இரவைக் கண்விழித்துக் கழித்தன. மறுநாள்தான் பெயர் வந்தது. அறிவிப்பில் ஒரு பொய்கூட இல்லை. எப்போது, எவ்வளவு சொல்வது என்ற கணக்கு மட்டும் பிசகியது, அதற்கே அந்த விலை.

ரஷ்யாவின் 'கூர்ஸ்க்' நீர்மூழ்கி விவகாரம் இதைவிடக் கொடுமை. 2000 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, கப்பலுக்குள் வெடிப்பு. பொதுமக்களுக்கு விஷயம் சொல்லப்பட்டது திங்கட்கிழமை. அதிலும் விபத்து ஞாயிற்றுக்கிழமை நடந்ததாகச் சொன்னார்கள். உள்ளே இருப்பவர்களோடு தொடர்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள். 118 பேரும் இறந்தார்கள். வெடிப்புக்குப் பிறகும் பின்பகுதி அறையில் 23 பேர் சில மணி நேரம் உயிரோடு இருந்ததை, அங்கிருந்த ஓர் அதிகாரி இருட்டில் எழுதி வைத்த குறிப்பு பிற்பாடு காட்டிக்கொடுத்தது. அந்தக் குறிப்பு வெளிவந்தபோது, கடற்படை அதுவரை சொன்ன எதையும் நம்ப அந்தக் குடும்பங்களுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

இந்த அனுபவங்களெல்லாம் சேர்ந்துதான், 'முதலில் குடும்பம், பிறகு பத்திரிகை' என்ற வழக்கம் பல ராணுவங்களில் வேர் பிடித்தது. அமெரிக்காவில், இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குச் சொல்லி 24 மணி நேரம் ஆன பிறகே பெயரை வெளியிடுவார்கள். நிருபர் எவ்வளவு நெருக்கினாலும் அந்த விதி வளையாது, வளையவும் கூடாது.

எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே பாக்லாந்து போரில், அந்தத் தீவிலிருந்த கூஸ் கிரீன் என்ற ஊர் மீது தாக்குதல் தொடங்கும் முன்பே, பிரிட்டிஷ் படை அதை நெருங்கிவிட்டது என்று பிபிசி உலக சேவை ஒலிபரப்பிவிட்டது. களத்தில் இருந்தவர்கள் கொதித்துப் போனதில் ஆச்சரியமில்லை. நாளைய தாக்குதலைப் பற்றி வாயைத் திறக்காதிருப்பது கடமை. நேற்றைய தவறைப் பற்றி வாயைத் திறக்காதிருப்பது வேறு. இரண்டுக்கும் 'பாதுகாப்புக் காரணம்' என்று ஒரே முத்திரையைக் குத்துகிற பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. உள்ளே இருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

உண்மையான படங்களை வைத்துக்கொண்டே தவறான எண்ணத்தை உண்டாக்கவும் முடியும். 1991 வளைகுடாப் போரின் செய்தியாளர் சந்திப்புகளில் மறுபடி மறுபடி காட்டியது, குறி தப்பாமல் கட்டடத்தின் நடுவில் போய் விழும் குண்டுகளைத்தான். பார்த்த உலகம், போரே அப்படித்தான் நடக்கிறது என்று நம்பியது. அந்தப் போரில் வீசப்பட்ட குண்டுகளில் வழிகாட்டும் கருவி பொருத்தியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது 'ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்' என்ற பெரிய சொல்லுக்கு வருகிறேன். உத்திசார் தகவல் தொடர்பு என்று தமிழில் எழுதுகிறோம். ராணுவம் பேசுவது, செய்வது, காட்டுவது எல்லாம் ஒரே நோக்கத்தில் இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் நிழலில் ஓர் ஆபத்து ஒதுங்கி நிற்கிறது. எதிரியை ஏமாற்றுவது போர்க்கலையின் ஒரு பகுதி. சொந்த மக்களிடம் பேசுவது மக்கள் தொடர்பு. இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் நடுச்சுவர் இடிந்துவிடும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பென்டகனில் இப்படி ஒரு தனி அலுவலகம் தொடங்கினார்கள். வெளிநாட்டு ஊடகங்களுக்குப் பொய்ச் செய்தியும் தரக்கூடும் என்று பத்திரிகைகளில் வந்ததும், 2002 பிப்ரவரியிலேயே அதை மூட வேண்டியதாயிற்று. இன்று வெளிநாட்டில் விதைக்கிற பொய், மாலைக்குள் சொந்த நாட்டுக் கைபேசியில் முளைத்துவிடும்.

அமெரிக்க முப்படைகளின் தலைவராக இருந்த அட்மிரல் மைக் மல்லன் 2009-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செய்தியை எப்படிச் சொல்வது என்று அளவுக்கு மீறி அலட்டிக்கொள்கிறோம், நாம் செய்யும் செயலே நம் செய்தி என்பது அவர் வாதம். சீருடை அணிந்த ஒருவர் இதைச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தமிழில் இதற்கு மிகப் பழைய சாட்சி உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிக்க மனையில் இருக்கின்றன; என் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எந்நேரமும் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல ஒரு சொல், எதிரே நிற்பவன் இரவெல்லாம் யோசிக்கும்படி ஓர் எச்சரிக்கை. உத்திசார் தொடர்பு என்று இதைத்தான் சொல்வேன். இதில் என்னை ஈர்ப்பது அந்த உலைக்களம். அதியமானின் வேல் உண்மையிலேயே அங்கே கிடந்தால்தான் ஔவையின் சொல்லுக்கு எடை. தொண்டைமானின் ஒற்றன் போய்ப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று வந்து சொல்லியிருந்தால், அடுத்த தூதே கிடையாது.

தவறை ஒப்புக்கொள்ளும் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் இந்திய விமானப்படையின் எம்.ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரை வீழ்த்தியது நம் ஏவுகணைதான், அது எங்கள் பக்கம் நடந்த பெரிய தவறு என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னார். ஏழு மாதம் என்பது நீண்ட காலம்தான். ஆனாலும் பதவியில் இருக்கிற தளபதி கேமரா முன்னால் 'எங்கள் தவறு' என்று சொல்வது எளிதில் நடக்கிற காரியமல்ல. காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று நடத்திய ட்ரோன் தாக்குதலை அமெரிக்க ராணுவத்தினர் முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள். பத்தொன்பதாம் நாள், இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள் என்று ஒப்புக்கொண்டார்கள். இடையில் செய்தியாளர்கள் தெருத் தெருவாகப் போய்க் காணொளிகளைச் சேகரித்து ஒப்பிட்டிருந்தார்கள். அந்த வேலையைத் தொடங்க ராணுவத்துக்குள்ளேயே ஒருவர் வற்புறுத்தியிருக்கலாம் அல்லவா? 'நியாயமான' என்ற சொல்லை மட்டுமாவது இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டிருக்கலாம் அல்லவா?

ஹேபர்லிக்குத் திரும்புகிறேன். 2009-இல் அவர் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். வீரர்கள் கொன்றுகொண்டிருந்த காட்சியைக் காட்டும் சில படங்களைத் தாமே அழித்துவிட்டதாகச் சொன்னார். அவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்த படங்களும் அவர் எடுத்தவைதான், அவை இல்லாவிட்டால் உலகம் நம்பியிருக்காது. ஆனால் மற்றவை? அந்தப் படங்களோடு யாரிடம் போவது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்ததா?

உங்களில் யாராவது இந்தப் பணிக்குப் போனால், சேர்ந்த முதல் வாரமே உங்கள் பிரிவின் சட்ட அதிகாரி எந்த அறையில் இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள். உங்கள் தளபதிக்கு மேலே புகார் எடுத்துப்போக என்ன வழி என்று விதிப் புத்தகத்தில் தேடிப் படித்து, அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.