எறவாணத்தில் செருகியவை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் ஆயா ஊர். அங்கே ஒரே வரிசையாகப் பதினான்கு கூரை வீடுகள் இருந்தன, இப்போது மூன்று. எத்தனை வருஷத்து வீடு என்று கேட்டால் சிக்கல்தான். தென்னங்கீற்று இரண்டு வருஷம் தாங்கினாலே பெரிது. பனையோலை நாலைந்து வருஷம் வரும். ஆகவே கூரையில் வயதைத் தேடாதீர்கள், சுவரில் தேடுங்கள். மண்ணோடு வைக்கோலை மிதித்துக் குழைத்து, ஒரு முழ உயரம் வைத்து, காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த படை. பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்தக் கோடுகள் தெரியும். ஒரு கோடு சட்டென்று நின்றுபோனால், பிள்ளைக்குக் கல்யாணமாகி அறை சேர்த்த இடம் அது.

கூரையும் ஊர்க்கதை சொல்லும். சர்க்கரை ஆலையால் கரும்பு பெருகிய ஊர் என்பதால், ஓலைக்கு மேல் கரும்புச் சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகை, ஏறியது. ஏரிக்கரையில் வளரும் விழல் என்ற புல்லும் உண்டு. விழலுக்கு இறைத்த நீர் என்று ஏளனமாகச் சொல்கிறோம். விழல் வேய்ந்த கூரை கீற்றைவிடக் கூடுதல் நாள் உழைக்கும். பழமொழி சொன்னவர் மாடி வீட்டுக்காரராக இருந்திருப்பார்!

சரி, எறவாணத்துக்கு வருகிறேன். சுவரைத் தாண்டிக் கூரை தாழ இறங்கும் விளிம்பு. அகராதியில் இறவாணம். குனியாமல் உள்ளே போக முடியாது. பெரியவர்கள் அதை மரியாதை என்பார்கள். மரியாதை அப்புறம், முதலில் மழை. மண் சுவருக்கு எமன் சாரல்தான். கூரை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு சுவர் பிழைக்கும், காற்றும் அடியில் புகாது.

அந்த எறவாணம்தான் ஆயாவுக்கு அலமாரி. அரிவாள், சீப்பு, மணியார்டர் ரசீது, பாதி பீடி (தாத்தாவுடையது என்பார்) எல்லாம் அங்கேதான். ஒருமுறை மூக்குத்தி காணாமல் போனது. பழி சின்னம்மாமேல். பல வருஷம் இருவருக்கும் சரியான பேச்சில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, நினைவிருக்கும். நாலு பக்கமும் சரிந்த கூரைகள் ஓலை பிய்ந்தாலும் நின்றன. எங்கள் மாமா பரண் வேண்டுமென்று கூரையை இரண்டு பக்கச் சரிவாக மாற்றி, முக்கோணச் சுவர் எழுப்பியிருந்தார். காற்று அந்தச் சுவரில் அறைந்து கூரையோடு கொண்டுபோனது. மறுநாள் மாமா கைவைக்காத பக்கத்துச் சுவர்த்தலையைக் கூட்டியபோது, ஓலையைத் தாங்கும் கைமரம் உட்கார்ந்திருந்த குழியில் துணி முடிச்சு. உள்ளே மூக்குத்தி. ஓலையை எத்தனை முறை மாற்றினாலும் அங்கே கைமரத்தை யாரும் அசைப்பதில்லை, அதனால்தான் அகப்படவில்லை. ஆயா அப்போது இல்லை. சின்னம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உண்மையில் திண்ணையைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஒன்று மட்டும்: அந்த வரிசையில் ஏரியை நெருங்க நெருங்கத் திண்ணை உயரும். கடைசி வீட்டுத் திண்ணையில் ஏற எனக்குச் சிறுவயதில் ஆள் தூக்கிவிட வேண்டும். ஏரி எதுவரை வந்துபோனது என்பதற்கு அந்தத் திண்ணைகள்தான் கணக்கு. வணக்கம்.