ஸ்பெக்ட்ரம் 16கே-வ 48கே ஆக்குறேன்: 188 ஓட்டை, ஒரு மடங்கின கால்

கேக்குதா? மைக்ல லைட் எரியுது, அப்போ கேக்கும். சரி, நேரா விஷயத்துக்கு வரேன், மேஜை மேல இருக்கிறது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டுக் கம்ப்யூட்டர், 1982ல சின்க்ளேர் ரிசர்ச் விட்டது, ரப்பர் கீபோர்டு மாடல். இது வந்தப்போ ரெண்டு விதமா வித்தாங்க, 16கே மெமரி 125 பவுண்டு, 48கே 175 பவுண்டு. என் கையில இருக்கிறது ஏழை வீட்டுப் பிள்ளை, 16கே. அந்த 16கே-லயும் ஸ்கிரீனுக்கே 6912 பைட் போயிடும், மிச்சத்துலதான் உங்க புரோகிராம். போன வாரம் பேசிக்ங்கிற புரோகிராம் மொழில கொஞ்சம் பெரிய புரோகிராம் ஒண்ணு அடிச்சுட்டே வந்தேன், ஓட விட்டா "4 அவுட் ஆஃப் மெமரி"ன்னு கீழ ஒரு வரி. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

பின்னாடி அஞ்சு ஸ்க்ரூ, கழட்டியாச்சு. இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, மூடிய படக்குன்னு தூக்காதீங்க. கீபோர்டுல இருந்து ரெண்டு பிளாஸ்டிக் ரிப்பன் போர்டுக்குள்ள போகுது, நாப்பது வருஷத்துல அது அப்பளம் மாதிரி ஆயிருக்கும், மடிஞ்சா உடைஞ்சுடும். மெதுவா, நேரா மேல இழுக்கணும். வந்துடுச்சு, ரெண்டும் முழுசா இருக்கு.

இப்போ கேமராவ கிட்ட கொண்டு வரேன். இங்க வரிசையா எட்டு சிப் தெரியுதா, இதுங்க 4116, இதுதான் இருக்கிற 16கே. ஒவ்வொரு சிப்பும் 16384 பிட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால எட்டு சிப், ஆளுக்கு ஒரு பிட். இந்தப் பக்கம் பாருங்க, காலி இடம், இங்கயும் எட்டு சிப்புக்கு இடம் விட்டிருக்கான், பக்கத்துல நாலு சின்ன லாஜிக் ஐசிக்கும் இடம். அதாவது 48கே-க்கான போர்டுதான் இது, சிப்ப மட்டும் போடாம வித்துட்டாங்க.

ஏன் மேல 32கே, ஏன் 64 இல்லைன்னு கேட்டா, இசட் 80 பிராசசர் மொத்தமே 65536 பைட்தான் பாக்கும், அதுல முதல் 16கே ராம், மன்னிக்கணும், ரோம், அதாவது படிக்க மட்டும் முடியிற மெமரி. ரோம் போக மிச்சம் 48. இப்போ சுவாரசியம் என்னன்னா, அந்த 32கே-க்கு அவங்க போட்டது 4532ன்னு ஒரு சிப், அது நிஜத்துல 64கே-பிட் சிப்தான், ஃபேக்டரில ஒரு பாதி ஃபெயில் ஆனது! நல்லா இருக்கிற பாதிய மட்டும் 32ன்னு சொல்லி மலிவா வித்திருக்காங்க, எந்தப் பாதி நல்லதுங்கிறத சிப்போட பேர் கடைசியில 3, 4ன்னு போட்டு சொல்லிடுவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி போர்டுல ஒரு குட்டி கம்பி லிங்க். எட்டும் ஒரே வகையா இருக்கணும், கலக்கக் கூடாது. சொத்தைக் கத்திரிக்காய்ல சொத்தைய வெட்டிட்டு குழம்பு வெக்கிற கதைதான், ஆனா கம்ப்யூட்டர் விலை குறைஞ்சது இப்படித்தான்.

நான் போடப்போறது 4164, முழு 64கே-பிட், ரெண்டு பாதியும் நல்லது. பாதி வீணாப் போகும், போகட்டும். வாங்கும்போது ஒண்ணே ஒண்ணு பாருங்க, 128 சுத்து ரெஃப்ரெஷ் போதும்னு டேட்டாஷீட்ல இருக்கணும். இந்த மாதிரி சிப்புக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு ஓட்டைப் பானை, சார்ஜ் ஒழுகிட்டே இருக்கும், சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை திரும்ப நிரப்பணும். மேல் 32கே-க்கு அந்த வேலைய இசட் 80தான் பாக்குது, ஆனா அதோட ரெஃப்ரெஷ் கவுண்டர் ஏழு பிட்தான், 128 வரைக்கும்தான் எண்ணும். 256 வரிசை கேக்குற 4164 கூட இருக்கு, அத போட்டா பாதி பானைக்கு தண்ணி ஊத்த ஆள் இல்ல.

இன்னொண்ணு, தயவு செஞ்சு 4164-அ பழைய 4116 இடத்துல மாட்டிப் பாத்துடாதீங்க. ரெண்டும் 16 கால், பாக்க ஒண்ணு போலவே இருக்கும். 4116-க்கு மூணு வோல்டேஜ், முதல் காலுக்கு மைனஸ் 5, எட்டாவதுக்கு 12, ஒம்பதாவதுக்கு 5. 4164-க்கு எட்டாவது கால்ல 5 வோல்ட் மட்டும்தான், அங்க 12 வந்தா சிப் காலி. வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த மூணு வோல்டேஜையும் மல்டிமீட்டர் வெச்சு பாத்துட்டேன், சரியா இருக்கு. மைனஸ் 5 இல்லாம ஓடினா 4116 எல்லாம் செத்துப்போகும், அதனாலதான் முதல்ல அது. அப்புறம் அடாப்டர், இதுக்கு 9 வோல்ட், நடுவுல நெகட்டிவ். இப்போ வர்ற அடாப்டர் பெரும்பாலும் நடுவுல பாசிட்டிவ், கைக்குக் கிடைச்சத சொருகாதீங்க. மெஷின்ல ஆன் ஆஃப் சுவிட்ச்சும் கிடையாது, ஜாக்க புடுங்கினாத்தான் ஆஃப்.

சரி, இப்போ உண்மையான வேலை. சாக்கெட் இல்ல, ஓட்டை எல்லாம் ஈயம் அடைச்சு இருக்கு. எட்டு பதினாறு 128, லாஜிக் ஐசி நாலுல ரெண்டு 14 கால், ரெண்டு 16 கால், அது 60, மொத்தம் 188 ஓட்டை. நான் பண்ற முறை என்னன்னா, முதல்ல ஒவ்வொண்ணுலயும் புது ஈயம் கொஞ்சம் சேக்குறேன், பைத்தியக்காரத்தனமா தெரியும், எடுக்கவேண்டிய இடத்துல எதுக்கு சேக்குறன்னு, ஆனா பழைய ஈயம் சீக்கிரம் உருகாது, புதுசு கலந்தா ரெண்டும் சேந்து தண்ணியா ஆகும், அப்போ பம்ப் வெச்சு ஒரு இழுப்பு. கிரவுண்ட் போற ஓட்டை மட்டும் அடம் பிடிக்கும், அகலமான செம்பு சூட்ட இழுத்துடும், அங்க மட்டும் அயன கொஞ்ச நேரம் கூட வெக்கணும். அழுத்தாதீங்க. அழுத்தினா பேட், அதாவது ஓட்டையச் சுத்தி இருக்கிற செம்பு, உரிஞ்சு வந்துடும், அப்புறம் கம்பி இழுத்து ஒட்டவேண்டியதுதான். இந்த ரெண்டு மணி நேரத்த ஃபாஸ்ட் ஃபார்வர்டு பண்ணிடறேன்.

...முதுகு போச்சு. சாக்கெட் எல்லாம் வெச்சாச்சு. லாஜிக் ஐசில ரெண்டு 74எல்எஸ்157, அதுங்க வேலை என்னன்னா, மெமரி சிப்புக்கு அட்ரஸ் கால் எட்டுதான், அதனால அட்ரஸ ரெண்டு தவணையா குடுக்கணும், முதல்ல தெரு பேரு, அப்புறம் கதவு எண், அத மாத்தி மாத்தி விடுறது இந்த 157. மிச்சம் ரெண்டு, 74எல்எஸ்32-வும் 74எல்எஸ்00-வும், எப்போ எந்த மெமரின்னு முடிவு பண்றதுக்கு. சிப்புல இருக்கிற வெட்டு எல்லாம் ஒரே பக்கம் பாக்குதான்னு ரெண்டு தடவை பாருங்க, 4164-அ திருப்பிப் போட்டா எட்டும் பதினாறும் இடம் மாறும், அதாவது பிளஸ் மைனஸ் தலைகீழ்.

பவர் குடுக்குறேன். ஸ்கிரீன் கருப்பு, வெள்ளை, சின்க்ளேர் ரிசர்ச்னு வந்துடுச்சு. இப்போ கேக்கணும், பிரிண்ட் பீக் 23732 பிளஸ் 256 பெருக்கல் பீக் 23733. பீக்னா மெமரில ஒரு இடத்துல இருக்கிறத படிக்கிறது, போக்னா அங்க எழுதுறது. மெமரி எதுவரைக்கும் இருக்குன்னு அந்த இடத்துலதான் ரோம் எழுதி வெக்கும். போக், பீக் ரெண்டும் ஒரே ஓ கீலதான், பீக்குக்கு ரெண்டு ஷிஃப்ட்டையும் சேத்து அமுக்கிட்டு வரணும்.

32767. ச்சே. அது பழைய 16கே-தான், மேல ஒண்ணுமே தெரியல.

இருங்க, பதற வேண்டாம். ஆன் ஆகும்போது ரோம் ஒவ்வொரு பைட்டா சோதிச்சுட்டே போகும், முதல் தப்பு எங்கயோ அங்கயே நின்னுடும். அதனால ஒரே ஒரு சிப் சரியில்லன்னாலும் இப்படித்தான் காட்டும். கையால பாப்போம். போக் 40000, 0. திரும்ப பீக் பண்ணா... 8. சைபர் எழுதினேன், 8 சொல்லுது. 255 எழுதினா 255. சூப்பர்ங்க, இது நல்ல சேதி! 1, 2, 4, 8, நாலாவது பிட் மட்டும் எப்பவும் ஒண்ணாவே நிக்குது, மத்த ஏழு சிப்பும், நாலு லாஜிக்கும் ஒழுங்கா இருக்கு. அந்த பிட்டோட டேட்டா லைன் டி3, இசட் 80ல எட்டாவது கால். பவர புடுங்கிட்டு மல்டிமீட்டர் பீப்ல வெச்சு, ஒரு புரோப் அங்க, இன்னொண்ண ஒவ்வொரு சிப்போட ரெண்டாவது காலா... பீப். இவன்தான். இதே சிப்புல 14வது கால்தான் டேட்டா வெளிய வர்ற வழி, அதுவும் இதே லைன்தான், காலோட தோள்பட்டையில புரோப் வெக்கிறேன், சத்தமே இல்ல.

நெம்பி எடுத்துப் பாக்குறேன்... கிட்ட பாருங்க, கால் சாக்கெட்டுக்குள்ள போகவே இல்ல, வயித்துக்கு அடியில மடங்கி உக்காந்திருக்கு. மேல இருந்து பாத்தா உள்ள போன மாதிரியே இருக்கும். புது சிப்போட கால் எப்பவும் கொஞ்சம் அகட்டி இருக்கும், மேஜைல வெச்சு லேசா சாய்ச்சு நேராக்கிட்டுத்தான் சொருகணும், ஏழு சிப்புக்கு பண்ணேன், எட்டாவதுக்கு அவசரம். மூக்குக் குறடால நிமித்துறேன், ஒரு தடவை தாங்கும், ரெண்டாவது தடவை ஒடிஞ்சுடும்.

மறுபடி பவர். பிரிண்ட் பீக்... 65535!

ஆனா உடனே மூடப்போறது இல்ல. கிளியர் 32767 போடுறேன், அப்போதான் ஸ்டாக், அதாவது பிராசசர் தன் குறிப்ப வெக்கிற மெமரி இடம், கீழ போகும், இல்லன்னா சோதனை பண்றப்போ அதையே அழிச்சுடுவோம். அப்புறம் 32768ல இருந்து 65535 வரைக்கும் எல்லாத்துலயும் 170 எழுதுறது ஒரு லூப், படிச்சுப் பாக்குறது தனி லூப். எழுதின கையோட படிச்சா ரெஃப்ரெஷ் கோளாறு தெரியவே தெரியாது, பானை ஒழுகறதுக்கு நேரம் வேணும்ல. படிக்கிற லூப்ல நெக்ஸ்ட்ட தனி வரில அடிங்க, இஃப்-தென் கட்டளைக்குப் பின்னாடி அதே வரில போட்டா தப்பு வந்தாத்தான் நெக்ஸ்ட்டே நடக்கும், நான் அங்கயும் ஒரு தடவை மாட்டினேன். அடுத்த சுத்து 85, அப்போ எல்லா பிட்டும் தலைகீழா மாறிடும்.

170 முடிஞ்சுது, ஸ்கிரீன்ல ஒரு நம்பர் கூட வரல. சிப் மேல விரல் வெச்சுப் பாத்தேன், எட்டும் லேசான வெதுவெதுப்பு, எதுவும் சுடல. 85 இப்போ எழுதிட்டு இருக்கு, அது முடியட்டும், அதுக்கு அப்புறம்தான் அந்த ரிப்பன திரும்ப சொருகி மூடி போடணும், அத நினைச்சாத்தான் எனக்கு பயமே... இருங்க, பவர் குடுக்குறதுக்கு முன்னாடியே ரிப்பன திரும்ப மாட்டிட்டேனே, மூடிய சாய்ச்சு வெச்சுத்தானே இவ்ளோ நேரம் டைப் பண்ணேன். அப்போ பாதி வேலை முடிஞ்சுது, ஸ்க்ரூ மட்டும்தான். அஞ்சுல ஒண்ண காணோம்.