ஸ்போர்ட்ஸ் கார் எங்கே முடிகிறது, சூப்பர்கார் எங்கே தொடங்குகிறது?

[காட்சி: கானாடுகாத்தான், காலை நேரம். நீண்ட நேர்த்தெரு, இரண்டு பக்கமும் பெரிய வீடுகள். குரல் மட்டும்.]

வணக்கம். முதலில் இரண்டு கார்களின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே போர்ஷே. ஒன்று, 2020-ல் வந்த 911 டர்போ எஸ். 650 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 2.7 விநாடி. உச்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். இன்னொன்று, 2003-ல் வந்த கரேரா ஜிடி. 612 குதிரைத்திறன், 3.9 விநாடி, உச்ச வேகம் அதே 330.

எண்களை வைத்துப் பார்த்தால் டர்போ எஸ் ஒரு படி மேலே. ஆனால் கார் பைத்தியம் உள்ள யாரிடம் கேட்டாலும் கரேரா ஜிடியைத் தயங்காமல் சூப்பர்கார் என்பார்கள். டர்போ எஸ் பற்றிக் கேட்டால் வாக்குவாதம்தான் நடக்கும். என்னைக் கேட்டால் அது ஸ்போர்ட்ஸ் கார். மிக மிக வேகமான ஸ்போர்ட்ஸ் கார், அவ்வளவுதான்.

இதை காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் சொன்னேன். "அது எப்படிண்ணே? ஸ்பீடு ஜாஸ்தின்னா சூப்பர்கார், கம்மின்னா ஸ்போர்ட்ஸ் கார். இதுல வேற என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த வீடியோ முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

[காட்சி: காரைக்குடி, செக்காலை ரோடு. கடைகள், பைக்குகள், ஒரு டவுன் பஸ்.]

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன? நல்ல உதாரணம் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், இரண்டே சீட், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நம்மூர் குடும்பக் கார் ஒன்றே அதை நேர்ரோட்டில் முந்திவிடலாம். ஆனால் வளைவு வந்தால் கதை வேறு. இன்ஜின் முன்னால் இருந்தாலும் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். எடை முன்பாதிக்கும் பின்பாதிக்கும் கிட்டத்தட்டச் சரிசமமாகப் பிரிகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே திரும்பும். ஓட்டுகிறவருக்குச் சந்தோஷம் கொடுக்க வேண்டும், அதே சமயம் மாதச் சம்பளக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி. 2016-ல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது.

போர்ஷே 911-ம் இந்த வம்சம்தான். 1963-ல் முதன்முதலில் காட்டியதிலிருந்து இன்றுவரை பின்னால் இரண்டு சின்ன சீட் உண்டு. குழந்தைகளை உட்கார வைக்கலாம். முன்னால் பெட்டி வைக்க இடம் உண்டு. டர்போ எஸ்ஸை எடுத்துக்கொண்டு நீங்கள் காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு, செக்காலை ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வண்டி முரண்டு பிடிக்காது.

கரேரா ஜிடியில் அது நடக்குமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதன் கிளட்ச்சைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

[காட்சி: வரைபடம். சாதாரண கிளட்ச் தட்டு ஒன்று, அதன் பக்கத்தில் சிறிய தட்டு. தரையிலிருந்து இன்ஜினின் உயரம் கோடாகக் காட்டப்படுகிறது.]

கிளட்ச் தட்டு இன்ஜினின் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. தட்டு பெரிதாக இருந்தால், அது தரையில் இடிக்காமல் இருக்க இன்ஜினையே மேலே தூக்கி வைக்க வேண்டும். தட்டு சிறிதானால் இன்ஜினைக் கீழே இறக்கலாம். இன்ஜின் இறங்கினால் காரின் மொத்த எடையும் தரையை ஒட்டி வரும், வளைவில் சாயாது. கரேரா ஜிடிக்காக போர்ஷே செராமிக் கலவையில் 169 மில்லிமீட்டர் விட்டம் மட்டுமே கொண்ட கிளட்ச்சைச் செய்தது. உங்கள் உள்ளங்கையை விரித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. அதன் வழியாகத்தான் 612 குதிரைத்திறனும் சக்கரத்துக்குப் போகிறது.

பலன் பிரமாதம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்வளவு சின்ன, எடையில்லாத கிளட்ச்சை நைசாக விட முடியாது. கொஞ்சம் தடுமாறினாலும் வண்டி நின்றுவிடும். பழகாதவர் சிக்னலில் இரண்டு மூன்று முறை ஆஃப் ஆக்கிவிட்டுத்தான் கிளம்புவார். கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே அதை நகர்த்துவதை நினைத்துப் பாருங்கள்!

இந்தச் சிரமம் வரும் என்று போர்ஷே பொறியாளர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். டர்போ எஸ்ஸில் அதே பொறியாளர்கள் அதைச் செய்யமாட்டார்கள், ஏனென்றால் அதை வாங்குகிறவர் தினமும் ஓட்டப்போகிறார். என் பதில் இதுதான்: ஸ்போர்ட்ஸ் கார் உங்கள் அன்றாடத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளும். சூப்பர்கார் எடுத்துக்கொண்ட காரியத்துக்கு எது தேவையோ அதைச் செய்துவிட்டு, மீதியை உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்.

[காட்சி: செட்டிநாட்டு வீடு ஒன்றின் உட்புறம். வளவு, தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கேமரா மெதுவாக நகர்கிறது.]

நான் இதைக் கானாடுகாத்தானில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வீடுகளைப் பாருங்கள். குடியிருக்க நான்கு அறை போதும். ஆனால் கட்டியவர்கள் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக் கருவைக் கலந்து கண்ணாடி மாதிரி தேய்த்தார்கள். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, செலவையும் பராமரிப்பையும் அப்புறம் பார்த்தார்கள். சூப்பர்கார் பிறக்கிற விதமும் இதேதான்.

சரி, இந்த வழக்கம் எப்போது தொடங்கியது? பெரும்பாலோர் சொல்லும் பதில் லம்போர்கினி மியூரா. இத்தாலியில் அந்த நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள் ஜான் பாவ்லோ டல்லாராவும் பாவ்லோ ஸ்டான்சானியும், டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இதற்கான யோசனையை வளர்த்தார்கள். 1965-ல் டூரின் கண்காட்சியில் உடம்பே இல்லாமல் வெறும் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, மட்டும் வைத்தார்கள். 1966-ல் ஜெனிவாவில், பெர்ட்டோனே நிறுவனத்தின் மார்ச்செல்லோ கண்டினி வரைந்த உடம்போடு கார் வந்தது. 3.9 லிட்டர், 12 சிலிண்டர், 350 குதிரைத்திறன். அந்த இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், குறுக்குவாட்டில் வைத்திருந்தார்கள். இடம் போதாமல் கியர்பாக்ஸையும் இன்ஜினையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, இரண்டுக்கும் ஒரே ஆயிலைப் பயன்படுத்தினார்கள்.

இன்ஜினை நடுவில் வைப்பதால் என்ன லாபம்? கனமான பொருள் காரின் மையத்துக்கு அருகில் இருந்தால் வண்டி சுலபமாகத் திரும்பும். பின்சக்கரங்களின் மேல் எடை விழுவதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டயர் சறுக்காமல் தரையைப் பிடிக்கும். நஷ்டமும் உண்டு. பின்சீட் போச்சு. டிக்கி போச்சு. காதுக்குப் பக்கத்திலேயே சத்தம், முதுகில் சூடு. மியூராவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெட்ரோல் டேங்க் முன்னால். பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகி, அதிவேகத்தில் காரின் முன்பகுதி மேலே எழும்பப் பார்க்கும்.

அதற்கு அடுத்து வந்த கவுன்டாக்கில் பின்னால் எதுவுமே சரியாகத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க, கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். 1970-களில் ஒரு தலைமுறையே அந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தது.

[காட்சி: வரைபடம். மூன்று கார்களின் வெளிக்கோடு, இன்ஜின் இருக்கும் இடம் சிவப்பு நிறத்தில்.]

இங்கே ஓர் எச்சரிக்கை. "இன்ஜின் நடுவில் இருந்தால் சூப்பர்கார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டொயோட்டா எம்ஆர்2, லோட்டஸ் எலீஸ் இரண்டிலும் இன்ஜின் நடுவில்தான். இரண்டுமே அருமையான ஸ்போர்ட்ஸ் கார்கள். "கார்பன் ஃபைபர் உடம்பு இருந்தால் சூப்பர்கார்" என்பதும் சரிவராது. ஆல்ஃபா ரோமியோ 4சி-யில் கார்பன் ஃபைபர் கூடு உண்டு, ஆனால் இன்ஜின் 1.75 லிட்டர், 240 குதிரைத்திறன். விலையை வைத்தும் சொல்ல முடியாது. ஒரு பெரிய சொகுசு செடான் பல ஸ்போர்ட்ஸ் கார்களைவிட விலை அதிகம்.

கார்பன் ஃபைபர் என்றதும் மெக்லாரன் எஃப்1 பற்றிப் பேசாமல் போக முடியாது. நான் மிகவும் மதிக்கும் கார் இது. 1992-ல் வந்தது, கார்டன் மர்ரே வடிவமைத்தது. பந்தயத்தில் மெக்லாரன் 1981-லேயே முழுக் கார்பன் கூட்டைக் கொண்டுவந்திருந்தது. அதே முறையைச் சாலைக் காருக்கும் கொண்டுவந்தார்கள், அதுதான் எஃப்1. கார்பன் இழைத்துணியை அடுக்கடுக்காக அச்சில் படிய வைத்து, பிசினோடு சேர்த்து, அழுத்தமும் வெப்பமும் உள்ள அடுப்பில் வேக வைப்பார்கள். வெளியே வருவது எஃகைவிடப் பல மடங்கு லேசான, ஆனால் முறுக்கினாலும் வளையாத கூடு. அதற்குள் பிஎம்டபிள்யூ செய்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின். 627 குதிரைத்திறன். எடை 1138 கிலோதான்! ஓட்டுநர் சீட் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் ஒவ்வொருவர்.

இன்ஜின் அறையின் சுவர்களில் தங்கத் தகடு ஒட்டியிருந்தார்கள். பகட்டுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் மிகச் சிறந்தது, கார்பன் கூட்டைச் சூட்டிலிருந்து காப்பாற்ற அது தேவைப்பட்டது. 1998-ல் இந்தக் கார் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தாண்டியது. பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தமே 106 தான் செய்தார்கள்.

[காட்சி: திருச்சி–ராமநாதபுரம் நெடுஞ்சாலை, திருமயம் பக்கம். நண்பகல், தார் ரோட்டின் மேல் அனல் அலை.]

வெப்பம் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் இந்த ரோட்டில் நிற்கிறேன். சூப்பர்காருக்கு முதல் எதிரி சூடு, இரண்டாவது எதிரி காற்று.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். 200-ல் ஓடுகிற காரை 400-க்குக் கொண்டுபோவது ஏன் அவ்வளவு கடினம் என்பது இப்போது புரிகிறதா? 2005-ல் வந்த புகாட்டி வேய்ரான் மணிக்கு 407 கிலோமீட்டர் போக 1001 குதிரைத்திறன் தேவைப்பட்டது. 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ. எரிகிற பெட்ரோலில் பெரும்பகுதி சூடாகவே வெளியேறும் என்பதால் அந்தக் காரில் பத்து ரேடியேட்டர்கள். உங்கள் காரில் எத்தனை என்று பானெட்டைத் திறந்து பாருங்கள்.

காற்றை எதிரியாக வைத்திருக்காமல் வேலையும் வாங்கலாம். மெக்லாரன் சென்னா மணிக்கு 250 கிலோமீட்டரில் போகும்போது காற்று அதைத் தரையோடு சேர்த்து 800 கிலோ விசையில் அழுத்துகிறது. காரின் எடை, திரவங்கள் இல்லாமல், 1198 கிலோ. அந்த அழுத்தம் இருப்பதால்தான் வளைவில் டயர் பிடியை விடாது. ஆனால் அதற்காக மூக்கைத் தரையை ஒட்டி இறக்க வேண்டும். நம்மூர் வேகத்தடையில் அந்த மூக்கு முதல் நாளே உரசிவிடும். அதனால்தான் பல சூப்பர்கார்களில் ஒரு பட்டனை அழுத்தினால் முன்பக்கம் மட்டும் சில சென்டிமீட்டர் உயரும் வசதி இருக்கிறது.

ஹைப்பர்கார் என்று ஒரு வார்த்தையும் இப்போது புழங்குகிறது. வேய்ரான், போர்ஷே 918 மாதிரி சூப்பர்காருக்கும் மேலே நிற்பவற்றுக்கு அந்தப் பெயர். தனி இலக்கணம் எதுவும் கிடையாது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

[காட்சி: காரைக்குடி, சிக்ரி வளாகத்தின் வெளிப்புறச் சாலை. மரங்கள்.]

இனி வரப்போவதுதான் எனக்கு அதிக ஆர்வம் தருகிறது. இந்த வளாகத்தைக் காரைக்குடிக்காரர்கள் சிக்ரி என்பார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சி இங்கே முக்கியமான வேலை.

பேட்டரி வந்ததும் பழைய கணக்கு கலைந்துவிட்டது. ஐந்து பேர் உட்காரும் மின்சாரக் கார் டெஸ்லா மாடல் எஸ் பிளாட், ஆயிரத்துக்கு மேல் குதிரைத்திறனோடு, கிளம்பும் வேகத்தில் பல சூப்பர்கார்களைத் தோற்கடிக்கிறது. குரோஷியாவின் ரிமாக் நெவேரா 1914 குதிரைத்திறன் கொடுக்கிறது, உச்ச வேகம் 412. ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல். மெக்லாரன் எஃப்1-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! மின்சாரக் காரில் திறன் சுலபமாகக் கிடைக்கிறது, லேசான எடைதான் கிடைப்பதில்லை. ஒரு கிலோ பேட்டரியில் எவ்வளவு ஆற்றலை அடைக்கலாம் என்ற கேள்விக்கு எந்த ஆய்வகம் நல்ல விடை கண்டுபிடிக்கிறதோ, அடுத்த நல்ல சூப்பர்காரும் அந்த விடையிலிருந்துதான் வரும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு கார் வந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கத்தை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் காற்று உள்ளே போகும் துளைகளையும், வெளியே வரும் இடங்களையும், பின்பக்க அடிப்பகுதியையும் எடுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை வைத்து டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை, பற்றி மட்டும் விரிவாகப் பேசுவோம். நன்றி.