சாமி வந்துருச்சு, ஆள் வருவானா?

(தலைப்பு: ‘தூக்குத் தண்டனை வழக்குல வருஷக்கணக்கா நீளும் அப்பீல் அவசியமா, அநாவசியமா?’ வேலூர்ப் பட்டிமன்றத்தில் ‘அவசியமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி வரிசையில கடலை உரிச்சுக்கிட்டிருக்கிற உண்மையான நீதிபதிகளே, வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசின சார் ஒரு சிக்ஸர் அடிச்சுட்டுப் போனாரு. “வேலூர்ல சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு ரெண்டு அதிசயம் சொல்வாங்க. மூணாவதா, தூக்கே இல்லாத தூக்குத் தண்டனையையும் சேர்த்துக்கங்க”ன்னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தா தட்டவேண்டியதுதானே!

ஆனா சாருக்குத் தகவல் பழசு. கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் 1981லயே வந்து உக்காந்துட்டாரு. அதுவரைக்கும் எங்க இருந்தாரு? சத்துவாச்சாரியில. இப்ப ஜில்லா கோர்ட்டு எங்க இருக்கு? அதே சத்துவாச்சாரியில! அந்தப் பக்கம் போன சாமியே திரும்பி வரத் தலைமுறைக் கணக்காச்சு, நம்ம கேஸு எம்மாத்திரம்? பாலாறா? 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் புரள ஓடுச்சே, அன்னிக்குப் பாலத்துல நின்னு செல்ஃபி எடுத்த கூட்டத்துல சாரும் இருந்தாரா இல்லையா, கேளுங்க!

கோயிலுக்குச் சாமி வந்துருச்சு. ஆத்துக்குத் தண்ணி வந்துருச்சு. அவசரப்பட்டுத் தொங்கவிட்ட ஆளு வருவானா?

எங்க வீட்டுக் கேஸு ஒன்னு சொல்றேன். எனக்கு ஒம்போது வயசு. எங்க நைனா ஆற்காட்டுலருந்து மக்கன் பேடா வாங்கியாந்தாரு, எண்ணி ஆறு. பாக்க குலாப் ஜாமூனுக்கு அண்ணன் மாதிரி இருக்கும், கடிச்சா உள்ள முந்திரி, திராட்சை. ராத்திரி தூக்குச்சட்டியில போட்டு மூடி வெச்சாங்க. (பாருங்க, அங்கயும் தூக்குதான்!) காலையில திறந்தா அஞ்சு. புலன் விசாரணை எங்கம்மா. “இவன் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தான்.” அவ்ளோதான் சாட்சியம். நைனா தீர்ப்பெழுத ரெண்டு நிமிஷம் ஆகல. பளார்! தெருவாசல்ல முட்டி போடுன்னாரு. எங்க கிளாஸ் பொண்ணுங்க ரெட்டை ஜடை போட்டுக்கினு பள்ளிக்கூடம் போவுது, நான் முட்டி போட்டுக்கினு வழியனுப்பறேன்.

மூணாம் நாள் எறும்பு வந்துச்சு. ஒத்தை வரிசை. சமையல்கட்டுல புறப்பட்டு, கூடம் தாண்டி, கட்டில் கால் ஏறி, நேரா எங்க ஆயா தலகாணிக்குள்ள போவுது. தூக்கிப் பாத்தா பாதி கடிச்ச பேடா! ஆயாவுக்குச் சர்க்கரை முந்நூறு. இனிப்பைக் கண்ணால பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் கெழவி இருட்டுல தின்னிருக்கு!

எறும்பு சாட்சிக்கூண்டுல ஏறவே மூணு நாள் ஆச்சுங்க. நைனா மறுபடி ஆற்காடு போய் ஆறு பேடா வாங்கியாந்து ஆறையும் எனக்கே குடுத்தாரு. பேடாவைத் தின்னுட்டேன். அறையை எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது?

சட்டத்துக்கு வர்றேன், இல்லைன்னா நடுவர் மார்க்கைக் கொறைச்சுடுவாரு. செஷன்ஸ் கோர்ட்டு தூக்கு விதிச்சா, அந்த ஆளு அப்பீலே போகலைன்னாலும் ஹைகோர்ட்டு உறுதி பண்ணணும். அப்புறம் சுப்ரீம் கோர்ட்டு, தீர்ப்பை மறுபடி பாருங்கன்னு ரிவ்யூ, அதுவும் போச்சுன்னா கோர்ட்டுல கடைசி வாய்ப்பா க்யூரேட்டிவ், அப்புறம் கருணை மனு. எதிரணி நிர்பயா வழக்கைச் சொன்னாங்க. 2012 டிசம்பர்ல நடந்த கொடுமைக்கு 2020 மார்ச்சுலதான் தூக்கு, அந்தத் தாய் ஏழு வருஷம் கோர்ட்டுப் படி ஏறினாங்கன்னு. நெஜம். அந்த வலிக்கு என்கிட்ட பதில் கிடையாது.

ஆனா மகாராஷ்டிரத்துல ஒரு கேஸு. 2009ல சுப்ரீம் கோர்ட்டே ஆறு பேருக்கும் தூக்குன்னுச்சு. 2019ல அதே சுப்ரீம் கோர்ட்டு ஆறு பேரையும் விடுதலை பண்ணி, ஆளுக்கு அஞ்சு லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. ஆறு பேடா இல்ல சார், ஆறு ஆளு!

அவ்ளோ தூரம் எதுக்கு? ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998ல 26 பேருக்குத் தூக்கு. அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட்டுல 19 பேர் மேல கொலைக்குற்றம் நிக்கல. கடைசியா மூணு பேருக்கு 2011 செப்டம்பர் 9ன்னு தேதி குறிச்சாங்க, இதே தொரப்பாடி ஜெயில்ல. பத்து நாள் முன்னாடி ஹைகோர்ட்டு தடை. 2014ல தூக்கு ரத்து. 2022 மே மாசம் அந்த மூணு பேர்ல ஒருத்தர், ஜோலார்பேட்டை அற்புதம் அம்மாவோட மகன் பேரறிவாளனுக்கு விடுதலை. நிரபராதியா இல்லையாங்கிறது வேற பட்டிமன்றம், அதுக்குள்ள நான் போகல. செத்தவங்க வீட்டுக் கண்ணீரையும் நான் மறக்கல. இருபது வயசு ஆகாத பையனைக் கூட்டிக்கினு போனாங்க, தலை நரைச்ச மகனை அந்தம்மா கட்டிப் புடிச்சாங்க. அதை மட்டும் சொல்றேன்.

மணி அடிச்சுட்டீங்க. இதோ முடிச்சுடறேன் ஐயா.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க நைனா படுக்கையில கெடந்தாரு. பேச்சு கொழறிடுச்சு. ஒரு நாள் ராத்திரி கையைத் தூக்கி என் கன்னத்தைத் தடவறாரு. தடவிட்டு, “அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாடா?”ன்னாரு. ஆயா போய்ச் சேந்தாச்சு, எறும்பு போயாச்சு, நாப்பது வருஷம் ஆச்சு. எந்த அன்னிக்குன்னு நான் கேக்கல. “இல்ல நைனா”ன்னு பொய் சொன்னேன்.

கேக்கறதுக்கு அவருக்கு நான் இருந்தேன், நடுவரே. வணக்கம்.