கரிக்கோச்சிக்கு ஒரு திருகாணி

வணக்கம் நேயர்களே.

நீராவி ரயிலை ஊரில் நாங்கள் கரிக்கோச்சி என்போம். இன்று நான் பேச வந்திருப்பது உள்ளங்கையில் அடங்குகிற, மின்சாரத்தில் ஓடுகிற மாடல் கரிக்கோச்சியைப் பற்றி. இங்கே இங்கிலாந்தில் பல வீடுகளின் பரண்களில், சப்பாத்துப் பெட்டிகளுக்குள் அவை படுத்திருக்கின்றன. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். உண்மையான இன்ஜினில் 76-இல் ஒரு பங்கு அளவு. ஓய்வுபெற்ற நாள் முதலாக இவற்றைத் திருத்துவதுதான் என்னுடைய வேலை.

போன மாரியில் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தமிழ்ப் பொடியன் ஒரு இன்ஜினைக் கொண்டுவந்தான். தகப்பன் பழைய சாமான் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. ட்ரையாங் என்ற மாடல் ரயில் நிறுவனம் செய்த, ஜின்டி என்ற இன்ஜின். ஆறு சில்லு, கட்டையான உடம்பு. இதன் மூலமான உண்மை இன்ஜின்கள் 1924 முதல் கட்டப்பட்டவை. பிரித்தானிய ரயில் முற்றங்களில் பெட்டிகளை இழுத்து இழுத்து அடுக்கிக்கொண்டிருந்த உழைப்பாளிகள்.

"இதின்ரை மோட்டார் செத்துப்போச்சு மாமா. புதுசு எங்கை எடுக்கலாம்?" என்றான்.

"பொறு தம்பி. முதல்லை திறந்து பாப்பம்" என்றேன்.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். ஓடவில்லை என்றதும் பாகம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். என் மேசைக்கு வருகிற பழைய இன்ஜின்களில் பலவற்றுக்குப் பாகமே தேவைப்படுவதில்லை. பல வருட எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். கம்பளத்தின் நூல் அச்சைச் சுற்றி இறுகியிருக்கும். சில்லின் விளிம்பில் கரிய அழுக்கு ஏறி மின்சாரத்தை மறிக்கும். பஞ்சுக் குச்சியும் கொஞ்சம் ஐசோபுரோபைல் அல்ககோலும் போதும்.

ஜின்டியின் மேல்மூடியைக் கழற்றினோம். உள்ளே எக்ஸ்-04 மோட்டார். 1950களில் தொடங்கி 1970கள் வரை எத்தனையோ இன்ஜின்களில் இந்த ஒரே மோட்டாரைத்தான் போட்டார்கள். ஒரு காந்தம், மூன்று கம்பிச் சுருள்கள், சுழலும் சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்கிற இரண்டு கரித்துண்டுகள். அந்த இரண்டு கரித்துண்டுகளையும் இரு பக்கமிருந்தும் அழுத்திப் பிடிப்பது கொண்டை ஊசி போன்ற ஒரே ஒரு கம்பிச் சுருள்வில். அதன் ஒரு காலில் சின்னதாக ஒரு குழாய் உறை இருக்கவேண்டும். இரண்டு கரித்துண்டையும் தொட்டுக்கொண்டு நிற்பது ஒரே கம்பி என்பதால், உறை இல்லாவிட்டால் மின்சாரம் மோட்டாருக்குள் போகாமல் கம்பி வழியாகவே குறுக்கே ஓடிவிடும்.

பொடியனின் இன்ஜினில் அந்த உறை இல்லை. எப்போதோ யாரோ வில்லை மாற்றியிருக்கிறார்கள், உறையை மறந்திருக்கிறார்கள். இந்த மோட்டாரைச் செத்ததென்று எத்தனை பேர் கையில் வைத்திருந்தார்களோ! ஒரு மெல்லிய மின்கம்பியின் பிளாஸ்டிக் தோலை நாலு மில்லிமீட்டர் வெட்டி உருவி, வில்லின் காலில் செருகினேன். அச்சைத் தாங்கும் காதுகளில் ஊசி முனையால் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்ததும் ஒருதரம் உதறியது, பிறகு ஓடியது. பொடியன் மூச்சு விடவே மறந்துபோனான்.

எக்ஸ்-04 பற்றி இன்னுமொன்று. கையில் தூக்கிப் பிடித்தால் கடகடவென்று வேகமாகச் சுழலும், நாலு பெட்டி கொளுவினால் திணறும், தொட்டால் சுடும். அப்படியென்றால் காந்தம் தளர்ந்துவிட்டது. இந்தக் காந்தத்தை மோட்டாரிலிருந்து வெறுமனே கழற்றி எடுத்தாலே பலம் குறைந்துவிடும், ஆகவே காரணமில்லாமல் கழற்றாதீர்கள். பலம் போனதை மீண்டும் காந்தமேற்றிக்கொள்ளலாம், அல்லது சின்ன நியோடிமியம் காந்தம் வைக்கலாம்.

பாகம் உண்மையாகவே வேண்டுமென்றால், முதலில் இன்ஜினின் பூர்வீகம் தெரியவேண்டும். ட்ரையாங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் 1964-இல் மெக்கானோவை வாங்கியது. மெக்கானோதான் லிவர்பூலில் ஹோர்ன்பி டப்ளோ என்ற மாடல் ரயில்களைச் செய்தது. 1965 முதல் பெட்டியில் ட்ரையாங் ஹோர்ன்பி என்று பெயர், 1971-இல் லைன்ஸ் பிரதர்ஸ் நொடித்த பிறகு ஹோர்ன்பி. ஹோர்ன்பி என்ற பெயரை மட்டும் நம்பி டப்ளோவின் பாகத்தை வாங்கி ட்ரையாங்கில் பொருத்தப் பார்க்காதீர்கள். பெயர்தான் ஒன்று, இரண்டும் வேறு வேறு தொழிற்சாலையில் பிறந்த பிள்ளைகள்.

பழைய பிரித்தானிய மாடல்களின் திருகாணிகள் பெரும்பாலும் பி.ஏ. வகை, அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய அளவு முறை. இலக்கம் கூடக்கூட ஆணி சிறுக்கும். பூஜ்ஜிய இலக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் விட்டம், எட்டாம் இலக்கத்துக்கு 2.2. இன்று கடையில் கிடைக்கிற மெட்ரிக் ஆணியோ 2 அல்லது 2.5. ஒன்று தளரும், மற்றது உள்ளே போகாது. நான் தொடங்கிய காலத்தில் பொறுமையில்லாமல் ஒரு 2.5 ஆணியை எட்டாம் இலக்கத் துளையில் முறுக்கினேன். துளையைச் சுற்றியிருந்த வார்ப்பு சுக்காகப் போயிற்று. அது ஒருவருடைய தகப்பனார் விட்டுப்போன இன்ஜின். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பி.ஏ. ஆணிகளை இலக்க வாரியாகச் சின்னப் போத்தல்களில் வைத்திருக்கிறேன்.

அந்த வார்ப்பு துத்தநாக உலோகக் கலவை, மசாக் என்பார்கள். அது வளையாது, உடையும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பொருட்களில் இன்னொரு கொடுமையும் உண்டு. வார்க்கும்போது கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடித்து, கடைசியில் விரல் பட்டாலே உதிரும். ஈரம் அதை விரைவாக்கும். இதற்கு மருந்தில்லை. சில்லு வெடித்தால் புதிதாக வார்த்த சில்லு மாற்றலாம், அடிச்சட்டமே வீங்கிவிட்டால் மிஞ்சிய நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொள்வதுதான் வழி.

மெயின்லைன் என்ற பெயரில் 1976 முதல் வந்த இன்ஜின்களின் கதை வேறு. அதில் அச்சு இரண்டு துண்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். அந்தக் குழாய் காலப்போக்கில் வெடிக்கும். நீராவி இன்ஜினில் சில்லுகளை இணைக்கும் கம்பி மாட்டுகிற ஊசி, வலப்பக்கச் சில்லிலும் இடப்பக்கச் சில்லிலும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்கவேண்டும். குழாய் வெடித்தால் அந்தக் கோணம் குலைந்து, இணைப்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து இன்ஜின் நொண்டும். இப்போது அந்தக் குழாய்களை முப்பரிமாண அச்சில் செய்து விற்கிறார்கள். ஒன்று வெடித்திருந்தால் எல்லா அச்சுக்கும் மாற்றிவிடுங்கள், மற்றவையும் அதே வயதுதானே.

உண்மையாகவே நீராவியில் ஓடுகிற மாமோட் போன்றவற்றுக்கு ஒரு வார்த்தைதான் சொல்வேன். வாஷர், ரப்பர் வளையம், பாதுகாப்பு வால்வு, இவை நீங்களே மாற்றலாம். கொதிகலன் ஒழுகினால் அதில் கைவைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பாகம் எங்கே கிடைக்கும்? மாடல் ரயில் கண்காட்சிகளில், மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிகளில். மேல்மூடி உடைந்த இன்ஜினை மோட்டாருக்காக வாங்குங்கள். மோட்டார் எரிந்ததை மேல்மூடிக்காக வாங்குங்கள். அறுபது வருடத்துக்கு முந்திய எக்ஸ்-04 மோட்டாரின் கரித்துண்டு இன்றைக்கும் கேட்டவுடன் கிடைக்கும். ஒரே தடவையில் கொஞ்ச எண்ணிக்கை மட்டும் செய்து முடித்துவிடுகிற இன்றைய இன்ஜினுக்குப் பாகம் தேடுவதுதான் பெரும்பாடு. இது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிற விஷயம்.

இப்போது என் மேசையில் இன்னொரு ஜின்டி. இடப்பக்க இணைப்புக் கம்பி இல்லை. வலப்பக்கத்துக் கம்பியை ஒரு அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, துளைக்குத் துளை நீளத்தையும் குறித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கண்காட்சிக்குப் போகும்போது அந்தப் பொடியனும் கூட வருகிறான்.

நன்றி, வணக்கம்.